குறையாத டப்பா

ரோட்டரி கட்டர் என்பது வேறொன்றும் இல்லை. ஒரு கைப்பிடி, அதன் நுனியில் சக்கரம் மாதிரி வட்டமான பிளேடு. துணியின் மேல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஓரத்தோடு ஓரமாக உருட்டினால் வேலை முடிந்தது. கத்தரி துணியைத் தூக்கித் தூக்கி வெட்டும். இது துணியை எழுப்பவே எழுப்பாது; தூங்குகிற துணி தூக்கத்திலேயே இரண்டாகிவிடும். இதைப் பெரியம்மாவுக்குப் புரியவைக்க இரண்டு வருஷமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறேன். பெரியம்மாவுக்கு அதன் பெயரே வேண்டாம். 'உருளை' என்பார். சொல்லும்போது மூக்கு கொஞ்சம் சுளிக்கும்.

பெரியம்மாவின் தையல் கடையில் இரண்டே வேலைதான். மேஜையில் நின்று வெட்டுவது பெரியம்மா. மிஷினில் உட்கார்ந்து பேண்ட்டின் காலை மடித்து அடிப்பது நான். இதுவரை எத்தனை கால் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கனவில்கூட இடுப்புக்கு மேல் யாரும் வருவதில்லை. என்னால் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியாது. அதனால்தான் எனக்குப் பம்பரம் என்று பெயர். பெயர் வைத்தது பெரியம்மா. உட்காரவைத்ததும் பெரியம்மா. இந்த நியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு திங்கட்கிழமை பாட்டு டீச்சர் வந்தார். கூடவே நீல நிற ஷிஃபான் துணி, பதினோரு மீட்டரும் மேலே ஒரு சாணும். அவருடைய குழுவில் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். சனிக்கிழமை மேடை. ஆளுக்கு ஒரு ஸ்கார்ஃப், கால் மீட்டர் அகலம், நீளத்துக்குத் துணியின் முழுப் பன்னா, அதாவது துணியின் மொத்த அகலமும். கணக்குப் போட்டால் நாற்பத்து நாலு துண்டு வரும்; இரண்டு உபரி. இந்த நீலத்தில் இதுதான் கடைசி, கடையில் இனி ஒரு அங்குலம்கூட இல்லை என்று டீச்சர் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை மெதுவாகப் பாடியே காட்டிவிடுவாரோ என்று பார்த்தேன்.

அவர் போனதும் பெரியம்மா துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டார். ஷிஃபான் அப்படிப்பட்ட ஜாதி. முறைத்துப் பார்த்தாலே வழுக்கி ஓடும். கத்தரியால் வெட்ட வேண்டுமென்றால் அடியில் பிரவுன் பேப்பர் விரித்து, துணியைச் சுற்றிக் குண்டூசி குத்தி, பேப்பரோடு சேர்த்து வெட்ட வேண்டும். நாற்பத்திரண்டுக்கும் அப்படிச் செய்தால் முழுசாக ஒரு நாள் போய்விடும். பெரியம்மாவின் கட்டை விரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது.

நான் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வியாழக்கிழமை மூணு மணிக்குள்ள எல்லாத்தையும் நான் உருளையில வெட்டித் தரேன் பெரியம்மா. நல்லா வந்தா வெட்டு மேஜை எனக்கு."

"நல்லா வரலைன்னா?"

"காலம் பூரா பேண்ட்டு அடிக்கிறேன். வாயே திறக்க மாட்டேன்."

பெரியம்மா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. அந்தக் கடைசி வாக்கியம் அவருக்குப் பிடித்துப்போயிருக்கும். மூணு மணி தாண்டினால் துணியைத் தானே எடுத்து, ராத்திரி விழித்துக் கத்தரியால் வெட்டுவதாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் தாமதமானால் ஓரம் அடித்து வெள்ளிக்கிழமை மாலை டீச்சரிடம் கொடுக்க முடியாது.

இனி பிளேடு கதை. இதைச் சொல்லாமல் மீதி புரியாது.

கட்டர் வாங்கும்போது அதிலேயே ஒரு பிளேடு மாட்டியிருந்தது. மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு துணியை இழுக்க ஆரம்பித்தது. தெருமுனையில் பட்டன் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போய் பிளேடு கேட்டேன். அவர் அறுபது மில்லிமீட்டர் பிளேடைக் கொடுத்தார், நானும் பார்க்காமல் வாங்கி வந்தேன். என் கட்டருக்கு நாற்பத்தைந்துதான் பொருந்தும். திரும்ப எடுத்துப் போனால், உறையைப் பிரித்துவிட்டாய், பிளேடின் எண்ணெயில் கை பட்டுவிட்டது, மாற்ற முடியாது என்றார். அன்றிலிருந்தே எனக்கும் அவருக்கும் வாய்க்கால் தகராறு. இருந்தாலும் வேறு கடை கிடையாது. நாற்பத்தைந்தில் ஐந்து பிளேடு கொண்ட வட்ட டப்பா ஒன்று அவரிடமே வாங்கினேன்.

ஒன்றை எடுத்து மாட்டினேன். பழசைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. துணிக்கு ஆகாவிட்டால் என்ன, பேப்பர் வெட்ட ஆகும். அதற்கென்று தனி டப்பா தேடுவானேன் என்று அந்த டப்பாவிலேயே மேலாக வைத்து மூடிவிட்டேன். டீச்சர் வருவதற்கு முந்தின வாரம் மெத்தை உறை வெட்டும்போது, மறந்து விட்டிருந்த குண்டூசி மேல் பிளேடு ஏறி, டிக் என்று ஒரு சத்தம். விளிம்பு ஒரு இடத்தில் உடைந்து, பிளேடில் சின்னப் பல் விழுந்துவிட்டது. அதையும் மாற்றினேன், அதே மாதிரி. டப்பாவைத் திறந்து பார்த்தால் இன்னும் நிறைய இருந்தது. பரவாயில்லையே, நல்ல சரக்குதான் என்று பட்டன் கடை அண்ணனை மனசுக்குள் கொஞ்சம் மன்னிக்கக்கூடச் செய்தேன்.

கையில் இருந்த பேண்ட்டுகளை முடித்துவிட்டு மேஜைக்கு வரும்போது வியாழன் காலை பத்து மணி. துணியை மடித்து, மேஜையில் விரித்த பிளாஸ்டிக் 'மேட்'டின் மேல் பரப்பி, ஸ்கேலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினேன். அதற்கு முன்னால் நாலைந்து முறை, 'பாருங்க பெரியம்மா' என்று சொல்லியிருந்தேன். பெரியம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். பிளேடு துணியை வெட்டவில்லை. தள்ளிக்கொண்டு போனது. துணி சுருங்கி, மடங்கி, பிளேடுக்கு முன்னால் குவிந்தது. ஓரம் எலி கடித்தது மாதிரி ஆகிவிட்டது. முதல் துண்டு போச்சு.

போன வாரம்தான் மாற்றிய பிளேடு. இந்த ஒரு வாரத்தில் அதில் ஒரே ஒரு தடிமனான உறையைத்தான் வெட்டியிருந்தேன், அதையும் அழுத்தித்தான் வெட்ட வேண்டியிருந்தது. எப்படி இதற்குள் மழுங்கும் என்று சுற்றிலும் பார்த்தேன். மேஜையின் அந்தக் கோடியில் பிரவுன் பேப்பர் நறுக்குகள் கிடந்தன. பேப்பர் வெட்டினால் பிளேடு மழுங்கும் என்பது துணி வெட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

"நான் இல்லாதப்ப இதுல பேப்பர் வெட்டினீங்களா?"

பெரியம்மா நிமிர்ந்தார். "நான் அதைத் தொட்டதே இல்லைடி."

"தொடாம எப்படி ஒரு வாரத்துல இப்படி ஆகும்? இந்தக் கடையில இருக்கிறது ரெண்டே பேரு."

பெரியம்மா அந்தக் கோடிக்குப் போய், பேப்பர் நறுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அலுமினியத் தாளை வெட்டினால் பிளேடு கூர்மையாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். மதியச் சாப்பாட்டைச் சுற்றி வந்த தாளைப் பிரித்து, நாலாக மடித்து, இருபது முறை வெட்டினேன். பிளேடு அப்படியே இருந்தது. என் சாப்பாடுதான் திறந்து கிடந்தது. மேஜையெல்லாம் ஜிகினா கொட்டின மாதிரி ஆகி, அதைத் துடைக்கக் கால் மணி நேரம்.

சரி, புதுசு மாட்டிவிடுவோம் என்று டப்பாவைத் திறந்தேன். நட்டைக் கழற்றி, வளைந்த வாஷரை எடுத்து, மழுங்கினதை வெளியே எடுத்து, டப்பாவில் மேலே இருந்ததை மாட்டி, மழுங்கினதை அதன் இடத்தில் வைத்து மூடினேன். இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே செய்வேன், அவ்வளவு பழக்கம்.

மறுபடி உருட்டினேன். இந்த முறை வெண்ணெய் மாதிரி போனது. பெரியம்மா பக்கம் திரும்பிப் பார்த்தேன். துண்டைத் தூக்கினேன். தூக்கினால் மிச்சத் துணியும் கூடவே எழுந்து வருகிறது. அங்கங்கே ஒற்றை நூல் வெட்டுப்படாமல் நிற்கிறது. ஒன்றை மெல்ல இழுத்தேன். சர்ரென்று துண்டின் குறுக்கே கோடு ஓடியது, காலுறை கிழிந்த மாதிரி. ஸ்கேல் அந்தப் பக்கம் அழுத்தியிருந்ததால் மிச்சத் துணி தப்பியது. இரண்டாவது துண்டும் போச்சு. உபரி என்று இனி எதுவும் இல்லை.

இஞ்ச் டேப்பை வைத்து அளந்தேன். பதினாலு சென்டிமீட்டரில் ஒரு நூல், இருபத்தெட்டில் ஒரு நூல், நாற்பத்திரண்டில் ஒரு நூல். பிளேடு ஒரு சுற்றுச் சுற்றினால் பதினாலு சென்டிமீட்டர். அப்படியென்றால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது. டப்பாவிலிருந்து இப்போதுதான் எடுத்த பிளேடில்! ஒன்று மழுங்கல், ஒன்று பல் விழுந்தது. பட்டன் கடை அண்ணன் எனக்குப் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார். கட்டரையும் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். மணி ஒன்று.

கடையில் ஒரு அம்மா தன் கோட்டுக்கு ஒரே ஒரு பட்டன் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றே ஒன்று. அண்ணன் நாலாவது பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பட்டனாகச் சின்ன இடுக்கியால் எடுத்து, கோட்டின் மேல் வைத்து, தள்ளி நின்று பார்த்தார். அந்த அம்மாவும் தள்ளி நின்று பார்த்தார். எனக்கு அந்தக் கோட்டை வாங்கி நானே போட்டுக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. பொறுக்க முடியாமல் டப்பாவை மேஜை மேல் வைத்து, நீங்கள் கொடுத்தது அத்தனையும் போலி, ஒன்றுகூட உருப்படி இல்லை, அறுபது கொடுத்து ஏமாற்றினது போதாதா என்று கொட்டித் தீர்த்தேன். பட்டன் அம்மா கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அண்ணன் இடுக்கியைக் கீழே வைக்கக்கூட இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"எத்தனை வாங்கினே?"

"அஞ்சு."

"எத்தனை தடவை மாத்தினே?"

"மூணு."

"அப்ப உள்ள எத்தனை இருக்கணும்?"

"ரெண்டு," என்றேன்.

அவர் டப்பாவை என் பக்கம் திருப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஐந்து.

"நான் கடை வெச்சு இருபது வருஷம் ஆச்சும்மா. எடுக்க எடுக்கக் குறையாத டப்பாவை இன்னைக்குத்தான் பாக்குறேன். எனக்கே ஒண்ணு வேணும்."

பட்டன் அம்மா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. மேலே இருந்த பிளேடை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். விளிம்பில் நீல நிறத்தில் பூனை மயிர் மாதிரி நூல் ஒட்டியிருந்தது. ஃபேக்டரியில் நீலத் துணியை வெட்டிப் பார்த்துவிட்டா அனுப்புவார்கள் என்று கேட்டார். அடியில் இருந்த நாலும் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பளபளவென்று கிடந்தன.

"இது நாலும் இன்னும் கண்ணே திறக்கலை. மேல வைக்கிறே, மேல எடுக்கிறே. அந்தப் பழைய ரெண்டையே மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்திருக்கே."

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. பிளக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை; புதுசு இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்று மாதிரி இருக்கும், சேர்த்து மாட்டிவிடாதே, அதற்கும் என் கடைக்கு வந்து கத்தாதே என்று மட்டும் சொல்லிவிட்டு ஐந்தாவது பட்டன் பெட்டியைத் திறந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது பெரியம்மாவின் தகர டப்பா. எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. மிஷினில் ஊசி உடைந்தால் முதலில் வேலையை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து அந்த டப்பாவில் போட வேண்டும். அது உள்ளே விழும் சத்தம் கேட்ட பிறகுதான் புது ஊசியைத் தொடலாம். டப்பாவின் மேல் 'செத்தது' என்று பெரியம்மா எழுதி ஒட்டியிருக்கிறார். ஊசிக்கெல்லாம் இரங்கல் கூட்டமா என்று நான் கிண்டல் செய்யாத வாரமே கிடையாது. என் பிளேடுகளை அதில் போட வேண்டும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. அவை சாகவில்லை, பேப்பருக்கு ஆகும்.

கடைக்குள் நுழைந்தபோது மணி இரண்டேகால். பெரியம்மா மேஜை முழுக்கப் பிரவுன் பேப்பர் விரித்து, நீலத் துணியை அதன் மேல் போட்டு, சுற்றிலும் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். பெரிய கத்தரி பக்கத்தில் தயாராக இருந்தது.

"மூணு மணின்னுதானே சொன்னீங்க?"

"நீ ஓடிப்போனதைப் பார்த்து வர மாட்டேன்னு நினைச்சேன்."

ஊசி குத்திய துணியில் உருளையை ஓட்ட முடியாது. ஒரு ஊசி மேல் ஏறினால் புது பிளேடிலும் பல் விழும். ஊசிகளை எடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டியிருந்தது.

"பெரியம்மா, பழசைத் திரும்ப டப்பாவுல வெச்சது நான்தான். அதையே எடுத்து எடுத்து மாட்டியிருக்கேன். நீங்க எதுவும் வெட்டலை. காலையில நான் பேசினது தப்பு."

பெரியம்மா கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு அலமாரியை நோக்கித் தலையை ஆட்டினார். தகர டப்பாவை எடுத்து வந்தேன். மழுங்கினதைப் போட்டேன். டிங். கட்டரிலிருந்து பல் விழுந்ததைக் கழற்றினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது பேப்பருக்காவது, என்று ஆரம்பித்தேன். பெரியம்மா பார்த்த பார்வையில் அதுவும் உள்ளே போனது. டிங்.

அதற்குப் பிறகுதான் அவர் ஊசிகளைப் பிடுங்க ஆரம்பித்தார், எண்ணிக்கொண்டே. குத்தும்போதும் எண்ணுவார், எடுக்கும்போதும் எண்ணுவார். குத்தும்போது கணக்கு முப்பத்தாறு. வந்தது முப்பத்தைந்து.

மணி இரண்டரை. மேஜைக்கடியில் தவழ்ந்தேன். காந்தத்தைத் துணியின் மேல் தடவினேன், பேப்பருக்கு அடியில் தடவினேன், என் கால் சட்டையின் மடிப்பைக்கூட உதறினேன். பெரியம்மா அசையாமல் நின்று, கிடைக்காமல் உருட்ட விட மாட்டேன் என்றார். நான் சொல்ல வேண்டிய வசனம் அது. கடைசியில் நிமிர்ந்து பார்த்தால், அவர் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பின் நுனியில் முப்பத்தாறாவது ஊசி ஜம்மென்று குத்தியிருந்தது. நான் பேசும்போது கையில் வைத்திருந்தாரே, அதேதான். நான் விரலால் காட்டினேன். அவர் ஊசியை எடுத்து மற்றதோடு சேர்த்தார்.

புது பிளேடை நகத்தால் நகர்த்திப் பிரித்தேன். ஒன்றுதானா என்று இரண்டு முறை பார்த்தேன். மாட்டினேன், வாஷர் வைத்தேன், நட்டை முறுக்கி அரைச் சுற்றுத் தளர்த்தினேன். துணியை மடித்துப் போட்டு, ஸ்கேலை வைத்து உருட்டினேன்.

சத்தமே வரவில்லை. துண்டைத் தூக்கினால் துண்டு மட்டும் வந்தது.

இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. பெரியம்மா மறுபக்கம் நின்று துணியை நகர்த்திக் கொடுத்தார், ஒரு சுருக்கம் விழாமல். நான் கேட்கவில்லை. முப்பதாவது துண்டில் என் தோள் எரிந்தது. கடைசித் துண்டு வெட்டி முடித்தபோது துணியில் ஒரு விரல் அகலம்தான் மிச்சம். பெரியம்மா நாற்பத்திரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு இழுத்துப் பார்த்தார். ஒரு நூல்கூட நிற்கவில்லை. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு அஞ்சு."

"ஊசி தேடின நேரத்தைக் கழிங்க."

"ரெண்டு துண்டைக் கெடுத்தியே, அதை எதுல கழிக்கிறது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் துண்டுகளை அடுக்கி மிஷின் பக்கம் வைத்தார். செவ்வாயும் வெள்ளியும் மேஜை உனக்கு, மற்ற நாள் பேண்ட் என்றார். நான் கேட்டது முழு மேஜை. கிடைத்தது வாரத்தில் இரண்டு நாள். வாயைத் திறந்தேன். காலையில் என்ன பேசினேன் என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

"மத்த நாள்ல அந்த உருளையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதே. இங்கேயே இருக்கட்டும்," என்றார் பெரியம்மா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஓரம் அடித்து, வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் எண்ணி வாங்கிக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை மேஜையில் நின்று வெட்டினேன். கால் வலித்தது. பேண்ட் அடிக்கும்போது முதுகுதான் வலிக்கும், அந்த வகையில் முன்னேற்றம்தான்.

புதன்கிழமை காலை கொஞ்சம் தாமதமாகப் போனேன். கதவைத் தள்ளும்போதே உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். பெரியம்மா மேஜையில் குனிந்து, நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, என் கட்டரால், என் புது பிளேடால், பிரவுன் பேப்பரை வெட்டிக்கொண்டிருந்தார். நீள நீளமாக, நேர் நேராக, ஒரு கட்டே சேர்ந்திருந்தது.

"இது நல்லாத்தான்டி போகுது," என்றார் நிமிராமல்.

போன வியாழக்கிழமை பேசினதை எல்லாம் நினைத்துக்கொண்டே வட்ட டப்பாவைத் திறந்து எண்ணினேன். மூன்று. மூடிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்து, குவியலில் மேலே இருந்த பேண்ட்டை எடுத்தேன்.